பகலில் மறையும் குரல், இரவில் வரும் குரல்: மத்திய அலை வானொலியின் கதை



ஏ.எம். வானொலிப் பெட்டி வைத்திருந்த குடும்பங்கள் அனைத்தும் அறிந்திருந்த உண்மை ஒன்று உண்டு. பகல் வேளையில் மத்திய அலையில் முள்ளை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நகர்த்தினால், அருகிலுள்ள இரண்டு மூன்று நிலையங்களே கேட்கும். பொழுது சாய்ந்த பின் அதே முள்ளை அதே பாதையில் நகர்த்தினால், வெறும் இரைச்சலாக இருந்த இடங்களிலெல்லாம் குரல்கள் எழும். தெரியாத மொழிகளும் கேட்டறியாத இசையும் மிதந்து வரும். விடிந்ததும் அவை இருந்த சுவடே தெரியாமல் போய்விடும்.

“இரவில் நன்றாக எடுக்கும்” என்று சொல்லிப் பெரியவர்கள் அமைந்துவிடுவார்கள். ஆனால் ஏன் எடுக்கிறது? ஒலிபரப்பி அதேதான்; பெட்டியும் அதேதான்; இடையிலுள்ள தொலைவும் மாறவில்லை. மாறியது சூரியன் மட்டுமே. வானொலிக்கும் சூரியனுக்கும் என்ன தொடர்பு? இவ்வினாவுக்கு உறுதியான விடை கிடைக்க 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. பாடநூலில் ‘அயனி மண்டலம்’ என்று ஒற்றை வரியில் முடிந்துவிடும் செய்திக்குப் பின்னால் இருக்கும் வரலாறு அது. அறிவியல் எவ்வாறு வளர்கிறது என்பதை மாணவர்க்கு எடுத்துக்காட்ட இதைவிட நல்ல கதை அரிது என்பது என் கருத்து.

கப்பலில் கிடைத்த சான்று

1901ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள், கனடாவின் கிழக்குக் கரையை அடுத்த நியூஃபவுண்ட்லாந்தில் சிக்னல் ஹில் என்னும் குன்றின்மீது பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அதில் வான்கம்பியைக் கட்டியிருந்தார் மார்க்கோனி. அட்லாண்டிக் பெருங்கடலுக்கு அப்பால், இங்கிலாந்தின் போல்டு என்னும் ஊரிலிருந்து அனுப்பப்பட்ட மூன்று புள்ளிகளை, அதாவது மோர்ஸ் குறியீட்டில் ‘எஸ்’ என்னும் எழுத்தை, காதொலிக் கருவியில் கேட்டதாக அவர் அறிவித்தார். இடைத்தொலைவு ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர்.

ஆனால் கேட்டவர்கள் அவரும் அவருடைய உதவியாளரும் மட்டுமே. காதால் கேட்டதற்குச் சான்று ஏது? ஐயுற்றோர் பலர். ஆகவே 1902 பிப்ரவரியில் ‘பிலடெல்பியா’ என்னும் கப்பலில் அமெரிக்கா நோக்கிப் பயணம் செய்தபோது, வந்த குறிகளைக் காகித நாடாவில் பதிவு செய்யும் கருவியை மார்க்கோனி பொருத்தினார். பதிவான நாடாவில் கப்பல் தலைவரின் கையொப்பத்தையும் பெற்றார்.

அந்தப் பயணத்தில்தான் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. பகலில் ஏறத்தாழ 1,100 கிலோமீட்டருக்கு அப்பால் போல்டு நிலையம் கேட்கவே இல்லை. இரவிலோ முழுச் செய்திகள் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் வரையிலும், ‘எஸ்’ என்னும் எழுத்து ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர் வரையிலும் பதிவாயின. பகலைவிட இரவில் மூன்று மடங்கு தொலைவு! அதே ஆண்டில் இதைப் பற்றி அரச கழகத்தின் இதழில் மார்க்கோனி ஒரு குறிப்பை வெளியிட்டார்.

தவறிய விடையும் பொருந்திய விடையும்

நிகழ்வைச் சரியாகப் பதிவு செய்த மார்க்கோனி, அதற்குக் கூறிய காரணம் தவறாயிற்று. சூரிய ஒளி பட்டதும் ஒலிபரப்பியின் வான்கம்பியிலிருந்து மின்னூட்டம் கசிந்துவிடுகிறது. அதனால்தான் பகலில் வலுக் குறைகிறது என்று அவர் கருதினார். உலகப் புகழ் பெற்ற ஒருவரின் விளக்கம் அது. ஆயினும் அலைக்கு நேர்ந்த இடையூறு வான்கம்பியில் இல்லை, வானில் இருந்தது.

அதே 1902ஆம் ஆண்டில் இருவர், ஒருவரை ஒருவர் சாராமல், வேறொரு கருத்தை முன்வைத்தனர். ஒருவர் அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த ஆர்தர் கென்னலி. இவர் பிறந்தது நம் அண்மையில்தான். 1861இல் பம்பாயின் கொலாபா பகுதியில் பிறந்தவர். மற்றவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆலிவர் ஹெவிசைடு. 16ஆம் வயதில் பள்ளியை விட்டவர். காது சரிவரக் கேளாதவர். சில காலம் தந்தி நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு, உயர்கணிதத்தைத் தாமே கற்றுக்கொண்டவர். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் இல்லாதவர்.

இருவரும் கூறியது இதுதான்: பூமியின் மேல்வளியில் மின்சாரத்தைக் கடத்தும் அடுக்கு ஒன்று இருக்க வேண்டும். வானொலி அலை அதில் பட்டுத் திரும்பித் தரைக்கு வருகிறது. அதனால்தான் பூமி வளைந்திருந்தும் அலை தொடுவானத்தைக் கடந்து செல்கிறது. அவ்வடுக்கு ஏறத்தாழ 80 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கலாம் என்று கென்னலி மதிப்பிட்டார். கருத்து அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த உயரத்திற்கு அன்று எந்தக் கருவியும் போக முடியாது. அளந்து காட்டாத வரையில் அது ஊகமே.

தொலைவைத் தேடிய நேயர்கள்

இதற்கிடையில் வானொலி பொதுமக்கள் கைக்கு வந்தது. 1920 நவம்பரில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் கே.டி.கே.ஏ. நிலையமும், 1922 நவம்பரில் லண்டனில் பி.பி.சி.யும் ஒலிபரப்பைத் தொடங்கின. 1924இல் சென்னையில் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னை மாகாண வானொலிக் கழகம் தோன்றி, அவ்வாண்டு ஜூலை 31 முதல் ஒலிபரப்பியது. நம் வட்டாரத்தில் சிங்கப்பூரின் கால்டிகோட் குன்றில் 1937இல் பிரித்தானிய மலாயா ஒலிபரப்புக் கழகத்தின் நிலையம் திறக்கப்பட்டது.

அக்கால நேயர்களுக்கு நிகழ்ச்சியைவிடத் தொலைவே பெரிதாக இருந்தது. எவ்வளவு தூரத்து நிலையத்தைப் பிடித்தோம் என்பதே பெருமை. அமெரிக்காவின் சிகாகோ நகரில் இதற்கென்றே வியப்பூட்டும் வழக்கம் ஒன்று இருந்தது. திங்கட்கிழமை இரவுகளில் உள்ளூர் நிலையங்கள் தாமாகவே வாய்மூடிக்கொள்ளும். அந்த அமைதியில் நகரத்து மக்கள் தொலைவிலுள்ள நிலையங்களைத் தேடிப் பிடிப்பார்கள். ‘மௌன இரவு’ என்றே அதற்குப் பெயர். கேட்ட நேரத்தையும் நிகழ்ச்சியையும் குறித்து நிலையத்திற்கு எழுதினால், கேட்டது உண்மைதான் என்று உறுதிப்படுத்தும் அட்டையோ வில்லையோ அஞ்சலில் வரும்.

இதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நாள், நேரம், நிலையம், தெளிவு என நான்கையும் எழுதி வைத்த பல்லாயிரம் நேயர்கள், தம்மை அறியாமலேயே ஓர் அறிவியல் உண்மைக்குச் சாட்சிகளாயினர். தொலைவு நிலையம் இரவில்தான் வருகிறது; வந்தாலும் நிலையாக நில்லாமல் ஓங்கியும் தேய்ந்தும் அலைகிறது. இவ்விரண்டையும் எல்லா நேயர்களும் கண்டனர்.

1924 டிசம்பர் 11

ஓங்கித் தேய்வதற்குக் காரணம் என்ன என்று சிந்தித்தவர் எட்வர்ட் ஆப்பிள்டன் என்னும் ஆங்கிலேய அறிஞர். லண்டன் பி.பி.சி. நிலையத்தின் வலுவைக் கேம்பிரிட்ஜில் அளந்தபோது, பகலில் அது நிலையாக இருப்பதையும் இரவில் ஏறி இறங்குவதையும் அவர் கண்டார். இரவில் அலை இரண்டு வழிகளில் வருகிறது என்பது அவர் எண்ணம். ஒன்று தரையை ஒட்டி நேரே வருவது. மற்றொன்று மேலே போய்த் திரும்பி வருவது. இரண்டும் சேர்ந்து வந்தால் ஒலி ஓங்கும்; முரணி வந்தால் தேயும்.

அப்படியானால் இதையே அளவுகோலாக்கலாம் அல்லவா? ஒலிபரப்பியின் அலைநீளத்தை மெல்ல மெல்ல மாற்றினால், இரண்டு அலைகளும் மாறி மாறிச் சேரும், முரணும். அந்த ஏற்ற இறக்கங்களை எண்ணினால் இரு பாதைகளுக்கும் உள்ள வேறுபாடு தெரியும். வேறுபாடு தெரிந்தால் முக்கோணக் கணக்கால் அடுக்கின் உயரம் தெரிந்துவிடும். வானத்தை அளக்க எண்ணிக்கையும் வடிவியலும் போதுமாயின!

1924 டிசம்பர் 11ஆம் நாள் இரவு, வழக்கமான நிகழ்ச்சிகள் முடிந்த பிறகு, பி.பி.சி.யின் போர்ன்மவுத் நிலையம் இதற்காக இயக்கப்பட்டது. ஏறத்தாழ 120 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஆக்ஸ்ஃபோர்டில் ஆப்பிள்டனும், நியூசிலாந்திலிருந்து வந்திருந்த அவருடைய மாணவர் மைல்ஸ் பார்னெட்டும் ஏற்ற இறக்கங்களைப் பதிவு செய்தனர். கிடைத்த உயரம் ஏறத்தாழ 90 கிலோமீட்டர். ஊகம் உண்மையாயிற்று.

இம்முடிவு 1925 மார்ச்சில் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்தது. ஹெவிசைடு அதற்கு ஒரு மாதம் முன்னர், பிப்ரவரி 3ஆம் நாள் காலமாகிவிட்டார். தம் கருத்து மெய்ப்பிக்கப்பட்டு அச்சில் வந்ததை அவர் பார்க்கவில்லை. ஆப்பிள்டன் அடுத்த சில ஆண்டுகளில் 200 கிலோமீட்டருக்கும் மேலே இன்னோர் அடுக்கு இருப்பதையும் கண்டறிந்தார். 1947இல் அவருக்கு இயற்பியலுக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது. அதே ஆண்டில் கல்கத்தாவைச் சேர்ந்த சிசிர் குமார் மித்ரா, மேல்வளி மண்டலத்தைப் பற்றி எழுதிய பெருநூல் வெளியாயிற்று. இந்தியாவில் இத்துறையை வேரூன்றச் செய்தவர் அவரே.

பகலில் நடப்பது என்ன?

மாணவர்க்குச் சொல்லும்போது மூன்று அடுக்குகளை நினைவில் வைத்தால் போதும். ஏறத்தாழ 60 முதல் 90 கிலோமீட்டர் வரை இருப்பது டி அடுக்கு. அதற்கு மேல் 100 கிலோமீட்டரை ஒட்டி ஈ அடுக்கு. 200 கிலோமீட்டருக்கு மேல் எஃப் அடுக்கு. சூரியனின் புறஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் வளித்துகள்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிரித்து விடுவதால் இவை உருவாகின்றன.

பகலில் குற்றவாளி டி அடுக்குதான். அங்கே காற்று ஓரளவு அடர்த்தியாக இருக்கிறது. வானொலி அலை வந்து எலக்ட்ரான்களை ஆட்டுகிறது. அவை அதிர்வதற்குள் அருகிலுள்ள துகள்களோடு மோதித் தம் ஆற்றலை வெப்பமாக இழந்துவிடுகின்றன. மேலே போன அலை திரும்பி வருமுன் விழுங்கப்பட்டுவிடுகிறது. எனவே பகலில் தரையலை சென்று சேரும் தொலைவே நிலையத்தின் எல்லை.

சூரியன் மறைந்ததும் டி அடுக்கில் பிரிந்திருந்த எலக்ட்ரான்கள் விரைவில் மீண்டும் ஒன்றிக் கலந்துவிடுகின்றன. அடுக்கு ஏறத்தாழ மறைந்துபோகிறது. உயரத்தில் காற்று மிக மெலிந்திருப்பதால் மேலடுக்குகள் அவ்வளவு விரைவில் கலைவதில்லை. தடை நீங்கிய அலை மேலே சென்று, வளைந்து, ஒரே தாவலில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் வரை அப்பால் போய் இறங்குகிறது. நிலத்திலோ கடலிலோ பட்டு மறுபடியும் எழுந்து தாவுவதும் உண்டு. இருள் அலையை வலுப்படுத்துவதில்லை. பகல் போட்ட திரையை விலக்குகிறது. அவ்வளவே.

இரவுக்கென்று ஒரு சட்டம்

இயற்கையின் இவ்வியல்பு அரசாங்கங்களுக்கும் தலைவலியாயிற்று. பகலில் ஒன்றையொன்று தீண்டாத இரண்டு நிலையங்கள் இரவில் மோதிக்கொண்டன. 1928இல் அமெரிக்க வானொலி ஆணையம் அலைவரிசைகளை மறுபங்கீடு செய்தபோது, 40 அலைவரிசைகளில் இரவு வேளையில் நாடு முழுவதற்கும் ஒரே நிலையம் என்று ஒதுக்கியது. ஒதுக்கீடு பெற்றவரின் குரல் இரவில் பல மாநிலங்களுக்குக் கேட்டது. பெறாத சிறு நிலையங்கள் பல, சூரியன் மறையும் வேளையில் வலுவைக் குறைக்கவோ ஒலிபரப்பை நிறுத்தவோ வேண்டியதாயிற்று. அந்நாட்டில் இத்தகைய நிலையங்கள் இன்றும் உண்டு.

சின்சினாட்டி நகரின் டபிள்யூ.எல்.டபிள்யூ. நிலையம் 1934இல் 500 கிலோவாட் வலுவில் ஒலிபரப்பத் தொடங்கியது. இரவில் அது எல்லை கடந்து, கனடாவின் டொராண்டோ நகரில் பக்கத்து அலைவரிசையிலிருந்த நிலையத்தை மறைத்தது. முறையீடு எழுந்தது. கனடாத் திசையில் வலுக் குறையும்படி கூடுதல் கோபுரங்கள் அமைக்கும் வரை, இரவில் அது 50 கிலோவாட்டுக்கு இறங்க நேர்ந்தது. 1939இல் அந்தப் பெருவலுவும் முடிவுக்கு வந்தது.

ஐரோப்பாவில் நிகழ்ந்தது இன்னும் விந்தை. 1933 ஏப்ரலில் நெதர்லாந்தைச் சேர்ந்த டெல்லகன் என்னும் அறிஞர் சுவிட்சர்லாந்து நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதன் பின்னணியில், முற்றிலும் வேறான அலைவரிசையில் இயங்கிய லக்சம்பர்க் நிலையத்தின் நிகழ்ச்சி மெல்லக் கேட்டது. பெட்டியில் பழுது இல்லை. லக்சம்பர்க்கின் பேராற்றல் அயனி மண்டலத்தையே ஆட்டிவைத்து, அவ்வழியே சென்ற மற்றோர் அலையில் தன் பதிவை ஏற்றிவிட்டது. அந்நாள்வரை வானம் வெறும் கண்ணாடி என்று எண்ணியிருந்தனர். மனிதன் வானையும் சற்று மாற்ற முடியும் என்பது அன்று தெரிந்தது. ‘லக்சம்பர்க் விளைவு’ என்று இதை இன்றும் நூல்கள் குறிப்பிடுகின்றன.

நம் கடலும் நம் மின்னலும்

தமிழ் நேயர்களின் அனுபவத்திற்கும் இதில் இடமுண்டு. தென் தமிழகக் கரையோரங்களில் இலங்கை வானொலி பகலிலும் கேட்டதே, அது எப்படி என்று சிலர் கேட்கலாம். அது வானலை அன்று, தரையலை. உப்புநீர் மின்சாரத்தை நிலத்தைவிடப் பன்மடங்கு நன்றாகக் கடத்துவதால், கடலின்மேல் செல்லும் தரையலை குறைவாகவே தேய்கிறது. கொழும்புக்கும் தூத்துக்குடிக்கும் இடையில் ஏறத்தாழ 280 கிலோமீட்டர். இடையில் பெரும்பகுதி மன்னார் வளைகுடா. மறுதிசையில், 1053 கிலோஹெர்ட்சில் இயங்கிய தூத்துக்குடியின் 200 கிலோவாட் ஒலிபரப்பி இலங்கை நேயர்களை எட்டியதும் இந்தக் கடல்வழியாலேயே.

மலேசியாவுக்கு வருவோம். சென்னைக்கும் கோலாலம்பூருக்கும் இடையில் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். மத்திய அலை இரண்டு தாவல்களில்தான் வந்து சேர வேண்டும். அதற்கு வழி முழுவதும் இருள் கவிந்திருக்க வேண்டும். சென்னையில் மாலை 6.30 ஆகும்போது இங்கே இரவு 9 மணி. ஆகவே நமக்கு இருட்டியவுடன் இந்திய நிலையம் வந்துவிடாது. அங்கும் இருட்டக் காத்திருக்க வேண்டும். இங்கு மற்றோர் இடையூறும் உண்டு. ஒவ்வொரு மின்னலும் ஓர் ஒலிபரப்பிதான். இடிமழை மிகுந்த நம் வட்டாரத்தில் மத்திய அலையில் கேட்கும் ‘கரகர’ ஒலியில் பெரும்பங்கு அதனுடையதே.

கேரளத்தின் தும்பாவிலிருந்து 1963 நவம்பர் 21ஆம் நாள் இந்தியாவின் முதல் ஆய்வு ஏவூர்தி ஏவப்பட்டது என்பதை மாணவர் அறிவர். அந்த மீனவச் சிற்றூரைத் தேர்ந்தெடுத்ததற்கு முதன்மைக் காரணம், புவியின் காந்த நடுக்கோடு அதனருகே செல்வதே. அங்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரத்தில், அதே ஈ அடுக்கில், பகல்வேளையில் வலிமையான மின்னோட்டம் ஒன்று ஓடுகிறது. அதை ஆராயவே அவ்விடம் ஏற்றதாயிற்று.

மௌனமாகிவரும் அலை

இன்று மத்திய அலை உலகெங்கும் சுருங்கி வருகிறது. 2015 டிசம்பர் 31ஆம் நாளோடு ஜெர்மனியின் டாய்ச்லாண்ட்ஃபுங்க், பிரான்சின் அரசு வானொலி, லக்சம்பர்க்கின் புகழ்பெற்ற 1440 கிலோஹெர்ட்சு ஆகிய மூன்றும் மத்திய அலையில் மௌனமாயின. பண்பலையும் இணையமும் தெளிவாகக் கேட்கும்போது செலவு மிக்க பெரிய ஒலிபரப்பிகள் எதற்கு என்பது நிருவாகத்தின் கேள்வி. அது நியாயமான கேள்வியே. ஆனால் நிலையங்கள் மூடப்படும்போது, ஏழைப் பிள்ளையும் காசில்லாமல் நுழையக்கூடிய ஓர் ஆய்வுக்கூடமும் சேர்ந்தே மூடப்படுகிறது. இணையத்தில் சென்னையும் சின்சினாட்டியும் நண்பகலிலும் ஒரே தெளிவோடு கேட்கும். அங்கே சூரியனுக்கு வேலை இல்லை. ஆகவே கேள்விக்கும் இடமில்லை.

எனவே வாய்ப்பு இருக்கும்போதே பிள்ளைகளைக் கேட்க வைப்போம். ஏ.எம். வசதியுள்ள சிறு பேட்டரி வானொலி ஒன்று போதும். செய்யத்தக்கவை சில:

1. நண்பகல், மாலை 7, இரவு 10 ஆகிய மூன்று வேளைகளில் முள்ளை ஒருமுறை முழுமையாக நகர்த்தி, கேட்ட நிலையங்களின் எண்ணிக்கையை எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரம் தொடர்ந்தால் அழகான வரைபடம் கிடைக்கும். எல்.இ.டி. விளக்கு, கணினி ஆகியவற்றை விட்டுத் தள்ளி அமர்வது நல்லது. அவையும் இரைச்சல் எழுப்பும்.

2. பெட்டியைக் கிடையாக மெல்லச் சுழற்றச் சொல்லுங்கள். ஒரு திசையில் ஒலி தேயும். உள்ளேயிருக்கும் ஃபெரைட் தண்டின் முனை அப்போது நிலையத்தை நோக்கியிருக்கும். திசையறிய இது எளிய வழி.

3. கணக்கும் கற்பிக்கலாம். 300,000ஐக் கிலோஹெர்ட்சால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். லக்சம்பர்க்கின் 1440க்கு 208 மீட்டர். நம் பகுதியில் மத்திய அலை எண்கள் 9இன் மடங்குகள். 720 என்பது 80 முறை 9. அமெரிக்காவில் 10 கிலோஹெர்ட்சு இடைவெளி.

4. கிரகணத்திற்குக் காத்திருங்கள். 1999 ஆகஸ்ட் 11 அன்று சூரிய கிரகணத்தின்போது, ரூதர்ஃபோர்ட் ஆப்பிள்டன் ஆய்வகம் பிரித்தானியப் பொதுமக்களை 639 கிலோஹெர்ட்சில் ஸ்பெயின் நிலையம் ஒன்றைத் தேடுமாறு வேண்டியது. பட்டப்பகலில், நிழல் கவிந்த வேளையில், இரவுக்குரிய அக்குரல் பலருக்குக் கேட்டது. தென்னிந்தியா, இலங்கை, மலேசியா வழியாகச் செல்லும் கங்கண சூரிய கிரகணம் 2031 மே 21 அன்று நிகழவிருக்கிறது. இன்று தொடக்கப்பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் அன்று இடைநிலைப் பள்ளியில் இருப்பார்கள். ஏட்டோடும் பெட்டியோடும் அமர அவர்களை இன்றே பழக்கலாம்.

மார்க்கோனி புகழ் மிக்கவர்; அவர் விளக்கம் நிலைக்கவில்லை. ஹெவிசைடு பள்ளியை இடையில் விட்டவர். அவர் கருத்து நிலைத்தது. இருவருக்கும் நடுவே, பெயர் தெரியாத நேயர்கள் பல்லாயிரம் பேர் இரவுதோறும் கேட்டதை எழுதி வைத்தனர். நம் மாணவர்கள் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் ஒவ்வொரு வரிக்கும் பின்னால் இத்தகைய உழைப்பு இருக்கிறது. அதைச் சொல்லிக் கொடுக்கும் கடமை ஆசிரியர்க்கு உண்டு. “ஏன் இரவில் மட்டும் கேட்கிறது?” என்று பிள்ளை கேட்டால், “அப்படித்தான்” என்று சொல்லாமல் உடன் அமர்ந்து கேட்கும் கடமை பெற்றோர்க்கும் உண்டு.